சபைக்குக் கட்டிய சேலை

பஞ்சவர்ணத்துக்கு அன்று காலையில் வந்தது சாதாரணக் கோபம் இல்லை. பௌர்ணமிச் சபைக்கு வந்தவளை மடத்து வாசலிலேயே மறித்து நிறுத்தினால் யாருக்குத்தான் வராது? அதுவும் உபதேசம் வாங்கப்போகிற நாளில்.

அந்த மடத்தில் உபதேசம் லேசில் கிடைக்கிற சமாசாரம் இல்லை. உலகநாத சாமி யாரையும் அவசரப்பட்டுக் கூப்பிடமாட்டார். பௌர்ணமிக்குப் பௌர்ணமி வரவேண்டும், பின்வரிசையில் உட்காரவேண்டும், பந்தி முடிந்ததும் அண்டா கழுவவேண்டும். அவருக்கே தோன்றுகிற அன்றைக்கு, "அடுத்த பௌர்ணமிக்கு முன்னால வந்து உக்காரு, காதுல மந்திரம் சொல்றேன்" என்பார். போன மாதம் பஞ்சவர்ணத்திடம் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

பஞ்சவர்ணம் கரகாட்டக்காரி. தொழிலுக்கு முழங்காலுக்கு மேலே நிற்கிற ஜிகினாப் பாவாடை, முதுகு தெரிகிற ரவிக்கை, காலில் சலங்கை. சபைக்கு வெள்ளைப் பருத்திச் சேலை, மணிக்கட்டு வரைக்கும் முழுக்கை ரவிக்கை. ரவிக்கை தைத்த டெய்லர், "யாருக்கு இது, உங்க மாமியாருக்கா?" என்று கேட்டான். "எனக்குத்தான், வாயை மூடிக்கிட்டுத் தை" என்றாள். ஆடுகிற உடம்பு, சேலை எங்காவது நழுவித் தொலைக்குமோ என்று தோளிலும் இடுப்பிலும் கண்ட இடத்தில் எல்லாம் ஊக்குக் குத்திக்கொள்வாள். தன் தொழில் என்னவென்று சாமியிடம் முதல் நாளே சொல்லிவிட்டாள். மற்றவர்கள் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

மடத்து நிர்வாகம் பார்க்கிற கதிரேசனுக்கு அவள்மேல் அத்தனை மரியாதை. வாசலில் "அடக்கமாக உடுத்தி வரவும்" என்று போர்டு எழுதி மாட்டியவரே அவர்தான். ஜீன்ஸ் போட்டு வந்த பெண்களையும் அரை டிராயர் போட்டு வந்த பையன்களையும் போர்வை கொடுத்து மூடித்தான் உள்ளே அனுப்புவார். "உடுத்தினா அந்த அம்மா மாதிரி உடுத்தணும்" என்று பஞ்சவர்ணத்தைக் கைகாட்டி ஊர்ப் பெண்களுக்குப் பாடம் எடுத்த ஆள்.

அந்தக் கதிரேசன்தான் இன்று "நில்லு" என்றார்.

போன பௌர்ணமி வரைக்கும் "வாங்கம்மா" என்று வழிவிட்ட வாய். 'வாங்க' போய் 'நில்லு' வந்ததுமே பஞ்சவர்ணத்துக்குப் புரிந்துவிட்டது.

"நேத்துச் சாயங்காலம் கீழப்பட்டி மாரியம்மன் கோயில்ல ஆடினது நீதானே?"

"நான்தான்."

"கொஞ்சங்கூட வாய் கூசாமச் சொல்ற."

"ஆடினத ஆடலன்னு சொல்லச் சொல்றீங்களாய்யா? முன்வரிசையில உக்காந்து பாத்தீங்க. நானும் உங்களப் பாத்தேன்."

கதிரேசன் முகம் கறுத்துப்போனது. "கமிட்டிக்காரங்க பொன்னாடை போட்டு உக்கார வச்சாங்க. எந்திரிச்சு வந்தா அவங்களுக்கு மரியாதையா இருக்காதுன்னு இருந்தேன்."

"கடைசி வரைக்கும் இருந்தீங்க."

"பேச்ச மாத்தாத. காதுக்குப் பின்னால ஜிகினாகூடப் போகல, அதுக்குள்ள வெள்ளைச் சேலையச் சுத்திக்கிட்டு வந்துட்ட. வேஷம். சபையையே ஏமாத்துற வேஷம். உன்னப் பாத்துக் கத்துக்கச் சொல்லி நானே நாலு பேருகிட்டச் சொல்லிட்டேன், இப்ப என் மூஞ்சிய எங்க வச்சுக்கிறது?"

விடியற்காலையில் தேங்காயெண்ணெய் போட்டுத் தோல் சிவக்கத் தேய்த்திருந்தாள். அப்படியும் அந்தப் பாழாய்ப்போன ஜிகினா ஒட்டிக்கொண்டு கிடக்கிறது.

"நேத்துப் போட்டதுதான்யா வேஷம். வயித்துக்காகப் போட்டது."

"அப்ப இது என்ன?"

வயசுக்கு வந்த நாளிலிருந்து கட்டுகிற பாவாடையை வேஷம் என்று தன் வாயாலேயே சொல்லிவிட்டோமே என்று அவள் மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது. அந்த எரிச்சலையும் சேர்த்துக் கதிரேசன் மேல் கொட்டினாள்.

"பழனியில முருகன் ஒரு வேளைக்கு ஆண்டி, ஒரு வேளைக்கு ராஜா. அங்கயும் போய் எதுடா வேஷம்னு கேப்பீங்களா?"

"தெய்வமும் நீயும் ஒண்ணா? இன்னிக்கு நீ முன்னால உக்கார்றது நடக்காது. சாமி கேட்டா நான் சொல்லிக்கிறேன், போ."

"நீங்க சொல்ல வேணாம். நானே கேட்டுக்கிறேன்."

வாசலை விட்டு மடத்தைச் சுற்றிக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள். வெயில் ஏறுவதற்குள் வாழைக்குத் தண்ணீர் கட்டிவிட்டுத்தான் சாமி சபைக்கு வருவார். கட்டியிருப்பது ஒரு கோமணம், கையில் மம்பட்டி, முழங்கால் வரைக்கும் சேறு. தோட்டத்தில் அவரை எல்லாரும் அப்படித்தான் பார்த்திருக்கிறார்கள். சபைக்கு மட்டும் குளித்துவிட்டுக் காவி வேட்டி கட்டிக்கொண்டு வந்து உட்காருவார்.

"சாமி, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நேத்து அந்த உடுப்புல ஆடிட்டு, இன்னிக்கு இந்தச் சேலையில வந்தா நான் பொய்யா?"

சாமி மடையை அடைத்துவிட்டு நிமிர்ந்தார். "யார் சொன்னது?"

"கதிரேசன் ஐயா சொன்னாரு. உள்ள விடமாட்டேங்கிறாரு."

"பின்கதவு வழியா வந்து பொம்பளைங்க வரிசையில உக்காரு. நான் வர்றேன்."

அவர் குளிக்கப் போகவில்லை. மம்பட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு, அவளுக்குப் பின்னாலேயே அந்தக் கோலத்தில் கூடத்துக்குள் நுழைந்தார். சேற்றுக் காலோடு நடந்துபோய்ப் பலகையில் உட்கார்ந்துகொண்டார்.

கூடம் அப்படியே அடங்கிப்போனது. பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஆண்கள் கூரையைப் பார்த்தார்கள். கதிரேசன் உள்ளே ஓடி, காவி வேட்டியை எடுத்துக்கொண்டு மூச்சு வாங்க வந்தார்.

"சாமி, கட்டிக்குங்க."

"எதுக்கு?"

"சபை கூடியிருக்கு சாமி."

"நேத்து இதே கோலத்துல தோட்டத்துல நின்னேன். நீ வந்து அரிசி மூட்டை இறங்கினதப் பத்திப் பேசிட்டுப் போன. அப்ப உனக்கு ஒண்ணும் தோணலையே."

"அது தோட்டம் சாமி. இது சபை."

"தோட்டத்துல ஒரு மாதிரி, சபையில ஒரு மாதிரி இருந்தா அது வேஷம் ஆயிடாதா?"

"வேஷம் எப்படி ஆகும்? அது சபைக்குச் செய்யிற மரியாதை."

சாமி பெண்கள் வரிசைப் பக்கம் கையை நீட்டினார். "அந்த அம்மா கட்டியிருக்கறதும் அதுதான் கதிரேசா."

கூடத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. நாலைந்து பேர் கண்ணை மூடிக் கைகூப்பினார்கள். ஒரு பெரியவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கதிரேசன் தலையைத் தொங்கப்போட்டபடி நின்றார்.

வேறு ஒருத்தியாக இருந்தால் இதோடு மனசு குளிர்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சாமி காலில் விழுந்திருப்பாள். எல்லாரும் திருப்தியாகச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். பஞ்சவர்ணத்துக்குக் குளிரவில்லை. கைகூப்பினார்களே, அதைப் பார்த்ததும்தான் அவளுக்குக் கோபம் இன்னும் ஏறியது. எழுந்து நின்றாள்.

"சாமி, நான் பேசலாமா?"

"பேசும்மா."

"நேத்து ஆடினேனே, அந்தப் பாவாடையோட நான் இன்னிக்கு இந்தக் கூடத்துக்குள்ள வந்திருந்தா என்ன நடந்திருக்கும்?"

கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"நான் சொல்றேன். கழுத்தப் பிடிச்சு வெளிய தள்ளியிருப்பாங்க. நீங்க கோமணத்தோட வந்தீங்க, ஓடிப்போய் வேட்டி எடுத்துட்டு வர்றாங்க, கன்னத்துல போட்டுக்கிறாங்க. நீங்க கட்டிக்கிட்டா மரியாதை, கட்டாட்டி ஞானம். எனக்கு? கட்டாட்டி கேடுகெட்டவ, கட்டினா வேஷக்காரி. இதுல நீங்களும் நானும் ஒண்ணுன்னு எப்படிச் சொல்றீங்க?"

"சாமிகிட்டப் பேசுற பேச்சா இது?" என்று கதிரேசன் பாய்ந்தார். பெண்கள் வரிசையில் ஒருத்தி பஞ்சவர்ணத்தின் முந்தானையைப் பிடித்து இழுத்து, "உக்காருடி" என்றாள். அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

சாமி கையை உயர்த்தினார். கூடம் மறுபடி அடங்கியது. அவர் முழங்காலில் காய்ந்து உதிர்கிற சேற்றையே வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எந்தக் கேள்விக்கும் அவர் இவ்வளவு நேரம் எடுத்து அந்தச் சபை பார்த்ததில்லை.

"இவ சொல்றது சரி" என்றார் கடைசியில். "நான் இப்படி வந்து உக்காந்ததுல எனக்கு ஒரு நஷ்டமும் இல்ல."

கதிரேசன் கையிலிருந்த காவியை வாங்கிக் கட்டிக்கொண்டார். பலகைக்கு எதிரே தரையைத் தொட்டுக் காட்டினார். "வாம்மா. வந்து உக்காரு. உனக்கு உண்டானது உனக்கு."

இந்த வார்த்தைக்காகத்தான் அவள் இத்தனை காலம் அண்டா கழுவினாள். ஒரு அடி முன்னால் வைத்தாள். அப்புறம் நின்றுவிட்டாள்.

"இங்க வேணாம் சாமி."

"பின்ன?"

"இந்தச் சேலைய நான் ஆசையாக் கட்டினேன். யாரையும் ஏமாத்தக் கட்டல. நல்ல எடத்துக்குப் போறோம், நல்லபடியாப் போகணும்னு கட்டினேன். சபை அத நம்பல. இனிமே இதக் கட்டிக்கிட்டு இந்த முன்வரிசையில உக்காந்தா, நான் போட்ட வேஷத்துக்குக் கூலி வாங்குற மாதிரி இருக்கும்." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "வர்ற செவ்வாக்கிழமை கீழப்பட்டியில பூச்சொரிதல். அன்னிக்கும் என் ஆட்டம்தான். ஆடி முடிச்சுக் கரகத்த இறக்கி வச்சதும், அந்த உடுப்போடயே வந்து நிக்கிறேன். அங்க வச்சு, ஊரு பாக்க என் காதுல சொல்லுங்க. வருவீங்களா?"

கூடத்தில் ஒரே அமளி. "என்ன திமிரு" என்றார் ஒருவர். இரண்டு பேர் எழுந்து வெளியேறினார்கள்.

சாமி அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

"உன் களத்துக்கு நான் என்ன உடுத்திக்கிட்டு வரணும்?"

யாராவது சிரிப்பார்கள் என்று பஞ்சவர்ணம் நினைத்தாள். யாரும் சிரிக்கவில்லை. அவர் உண்மையாகவே கேட்கிறார் என்று அவளுக்கு அப்புறம்தான் உறைத்தது.

"பொம்பளைங்க, பிள்ளைங்க எல்லாம் கூடுற எடம் சாமி" என்றாள் மெதுவாக. "வேட்டி கட்டிக்கிட்டு வாங்க. துண்டும் போட்டுக்குங்க."

"சரிம்மா. அப்படியே வர்றேன்."

கதிரேசனுக்குப் பொறுக்கவில்லை. பலகைக்குப் பக்கத்தில் வந்து, சாமிக்கு மட்டும் கேட்கட்டும் என்று குனிந்து பேசினார். கூடம் இருந்த இருப்பில் அது எல்லாருக்கும் கேட்டது.

"சாமி, கொஞ்சம் யோசிங்க. ஜிகினாப் பாவாடையோட நிக்கிறவ காதுல நீங்க குனிஞ்சு ரகசியம் சொன்னா ஊரு என்ன பேசும்? இத்தனை வருஷமாச் சம்பாதிச்ச பேரு. ஒரே நாள்ல கெட்டுப்போயிடும்."

சாமி எழுந்து, இடுப்பில் காவியை இறுக்கிக்கொண்டார்.

"இப்பத்தான் கோமணத்தோட இத்தனை பேருக்கு முன்னால உக்காந்திருந்தேன். அப்பக்கூட அந்தப் பேர உடுத்திக்கிட்டுத்தான் இருந்திருக்கேன். அப்ப நான் எதத்தான் கழட்டினேன் கதிரேசா?"