முடிச்சில் ஈரம் படக்கூடாது

“என் தூண்டில் நரம்புல எச்சில் துப்புறியே, உனக்கு அசிங்கமா இல்ல?” என்று நண்பர்கள் முன்னால் படகோட்டும் ரொசாலியிடம் எகிறினார், மீன்பிடி கிளப்பின் தலைவர் அம்பலவாணர். கையில், இரைக்குப் பதிலாக இறகைப் பூச்சிபோலக் கட்டிய சீமைத் தூண்டில்.

அசிங்கமாவது மண்ணாவது! மொரான் கெண்டையின் வாய் அரம் மாதிரி. அதனால் மெல்லிய நரம்பின் நுனியில் தடித்த நரம்பைக் கட்டியாக வேண்டும். ஈரமில்லாமல் இறுக்கினால் முடிச்சு சூடேறி நைந்துபோகும். ரொசாலிக்கு இது தெரியும், தலைவருக்குத் தெரியாது.

“கடல் தண்ணிகூடப் படக்கூடாது. ஊரே குளிக்குது அதுல! முடிச்சு அறுந்தா நாளையிலிருந்து படகுக்கு வேற ஆளு.”

“சரிங்கய்யா. முனை நாலு, எனக்குக் கை ரெண்டு. முடிச்சை மட்டும் வாயில கவ்விக்குங்க.”

கவ்விக்கொண்டார். ரொசாலி அவசரப்படவில்லை. நேற்று வைத்த மாங்காய் போட்ட நெத்திலிக் குழம்பைத் தாளிப்பிலிருந்து விவரித்தாள். தலைவருக்கு வாயெல்லாம் ஊறி மோவாயில் வழிந்தது. அப்புறம்தான் இறுக்கினாள்.

தூண்டிலில் சிக்கிய கை நீள மீன் நாலு தடவை துள்ளியும் முடிச்சு அசையவில்லை.

“பாத்தீங்களா, எச்சில் இல்லாமலே!” என்று மார்தட்டினார் தலைவர்.

“இல்லாமலா? முழுக்க உங்க எச்சில்தானேய்யா!”

நண்பர்கள் சிரித்த சிரிப்பில் படகே ஆடியது. தலைவர் கும்பிடாத குறையாக ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

“கரையில போய் இதைச் சொல்லிடாதீங்கப்பா... என்ன? சொல்ல மாட்டீங்கல்ல?”