தண்ணியை அழிக்கச் சொன்ன தலைவர்

செண்பகா நகர் குடியிருப்போர் சங்கத் தலைவர் ஏகாம்பரத்துக்குக் கோபம் வந்தால் முதலில் மீசை துடிக்கும். பொதுக்குழு அன்று அது நன்றாகவே துடித்தது. மோட்டார் பழுதாகிக் கிடக்க, நகர்க்காரர்கள் பேசிக்கொள்ளும் இணையதளம் முழுக்கத் தண்ணீர்ப் புகார்.

தளத்தைப் பார்த்துக்கொள்ளும் நசீமாவை மேடைக்குக் கூப்பிட்டார். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண்.

"ஏம்மா, ஒரே ஒரு வரி கட்டளை அடிச்சா ஆயிரம் பதிவை அழிக்கலாமாமே?"

"அழிக்கலாம் சார்."

"அப்போ தண்ணின்னு எழுதின ஒண்ணுகூட இருக்கக் கூடாது. எல்லார் முன்னாடியும் இப்பவே அழி. இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே."

நசீமா கட்டளையை அடித்தாள். கம்ப்யூட்டரில் தெரிவது புரொஜெக்டர் வழியாகப் பின்னாலிருந்த சுவரிலும் பெரிதாக விழுந்தது.

"எதெது போகும்னு முதல்ல காட்டும் சார். பார்த்துட்டுச் சரின்னு சொல்லுங்க" என்றாள்.

முதல் பதிவு வந்தது: 'என்னைத் தேர்ந்தெடுத்தால் தினமும் தண்ணி வரும். இப்படிக்கு, ஏகாம்பரம்.'

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"இதை அழிச்சிடட்டுமா சார்?"

தலைவர் தொண்டையைச் செருமினார். "அதெல்லாம் விடு. இனிமே புகாரே வராம இருக்க ஏதாவது கட்டளை இருந்தா அதை அடி."

"இருக்கு சார். ஆனா அதை இந்தக் கம்ப்யூட்டர்ல அடிக்க முடியாது. மோட்டார் ரூம்ல போய் நீங்கதான் போடணும்."

மறுநாள் காலை மோட்டாரைக் கழற்றிப் பழுதுபார்க்க மெக்கானிக் வந்தார். நசீமாவும் வேலைக்கு வந்தாள்.