கொண்டலாத்தி ஹஜரத்தும் நாற்பது அண்டா பிரியாணியும்

ஒரு காட்டில், குழந்தைகளே, நோன்பு மாதமும் தேர்தலும் ஒன்றாக வந்து மாட்டிக்கொண்டன. கேட்க வேண்டுமா! பகலெல்லாம் பசி, பசியோடு கோஷம்!

அங்கே மார்க்கக் கல்வி நன்றாகப் படித்த கொண்டலாத்தி ஒன்று இருந்தது. எல்லோரும் அதை "ஹஜரத்" என்று அழைப்பார்கள். பனை உச்சியில் நின்று பிறை பார்த்து, பெருநாள் என்றைக்கு என்று அறிவிப்பது அதுதான்.

"குட்டிக்குப் பால் கொடுக்கிறாயே அம்மா, நீ சாப்பிடு. நோன்பைப் பிறகு பிடித்துக்கொள்ளலாம்" என்று மானிடம் சொல்லும். அதைக் கேட்டாலே கறார்க்கார முள்ளம்பன்றிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துக்கொள்ளும்.

அந்த முள்ளம்பன்றியும் நரியும்தான் வேட்பாளர்கள். குளத்தில் பெரிய விலங்குகள் குடித்த பிறகு முயல்களுக்குச் சேறுதான் மிஞ்சும். அதை மாற்ற வேண்டும் என்பது கொண்டலாத்தியின் நெடுநாள் ஆசை. இது வேட்பாளர்கள் இருவருக்கும் தெரியும்.

இருபத்தொன்பதாம் நோன்பு. மறுநாள் ஓட்டு. நரி மூச்சிரைக்க ஓடி வந்தது.

"ஹஜரத்! நாற்பது அண்டா கிழங்கு பிரியாணி வெந்துவிட்டது. இன்றைக்கே பிறை தெரிந்ததாகச் சொல்லிவிடுங்கள். நாளைக்குப் பெருநாள், காலையில் விருந்து, கையோடு ஓட்டு! குளத்து மந்திரி நீங்கள்தான்!"

அது போனதும் முள்ளம்பன்றி வந்தது. "பிறை தெரிந்தாலும் நீர் இல்லை என்றே சொல்லும். நரியின் விருந்து கெடட்டும். குளத்து மந்திரி பதவி உமக்கே!"

மாலையில் கொண்டலாத்தி பனை உச்சிக்குப் பறந்தது. மேற்கே ஒரே மேகம். 'ஒரே ஒரு பொய் சொன்னால் முயல்களுக்கெல்லாம் தெளிந்த தண்ணீர்!' பாவம், அதன் நெஞ்சு கிடந்து தவித்தது.

பிறகு உரக்கக் கூவியது: "பிறை தென்படவில்லை! நாளையும் நோன்புதான்!"

நரி தலையில் கை வைத்துக்கொண்டது. "எங்கள் ஆள்! எங்கள் ஆள்!" என்று முள்ளம்பன்றி குதித்தது.

"உங்கள் ஆளும் இல்லை. தெரிந்திருந்தால் தெரிந்தது என்றே சொல்லியிருப்பேன்."

"அப்படியானால் மந்திரி பதவி கிடையாது!" என்று இரண்டும் ஒரே குரலில் கத்தின. அவை ஒத்துப்போனது வாழ்நாளில் அந்த ஒரு முறைதான்!

அன்றிரவு நோன்பு திறந்த விலங்குகள் சும்மா இருக்குமா? நாற்பது அண்டாவையும் வழித்துத் தின்று ஏப்பம் விட்டன. யானைக்கு மட்டும் ஒன்பது அண்டா.

மறுநாள் ஓட்டு. பிடித்தவர் முன்னால் ஆளுக்கொரு கூழாங்கல் போட வேண்டும். நரி முன் நாலு கல். முள்ளம்பன்றி முன் ஐந்து. மீதி அத்தனையும் பனைமரத்தடியில்!

"ஐயோ, நான் தேர்தலில் நிற்கவே இல்லையே!" என்று கொண்டலாத்தி அலறியது.

"அதனாலென்ன ஹஜரத்?" என்றது முயல். "பதவி கிடைக்கும் என்றபோதுகூட நீங்கள் பிறை விஷயத்தில் பொய் சொல்லவில்லை. குளத்திலா எங்களை ஏமாற்றுவீர்கள்? இறங்கி வாருங்கள், வேலை கிடக்கிறது!"

இதிலுள்ள நீதி: பதவிக்காகச் சொல் மாறாதவரிடம்தான் பதவியை நம்பிக் கொடுக்கலாம்.