வஞ்சிரம் விழுங்கிய மூன்று கிலோ

தொபியாஸ் முதலாளியின் தராசில் வஞ்சிரம் பதினாலு கிலோ காட்டியது. பக்கத்தில் மீன் வெட்டிக் கொடுக்கும் அமலோற்பவம் பேசாமல் இருந்திருக்கலாம். இருந்தால்தானே?

"பதினாலா? உடம்பு அப்படித் தெரியலையே!"

"ஏட்டி, அளந்து நீயே சொல்லு. தப்பாச்சுன்னா நாளையிலருந்து உன் அரிவாள்மனை இந்தச் சந்தையில இருக்கக் கூடாது."

அமலோற்பவம் சாண் போட்டாள். நீளம் ஐந்து சாண். வயிற்றைச் சுற்றிக் கயிறு பிடித்தாள். இரண்டரைச் சாண். இருபது வருடமாக வஞ்சிரம் வெட்டுகிற கை அது.

"பதினொண்ணு."

முதலாளி ஐந்து கிலோ படிக்கல்லைத் தராசில் வைத்தார். சரியாக ஐந்து. மீனை வைத்தார். மறுபடியும் பதினாலு. மீன் வாங்க நின்ற கூட்டம் சிரித்தது.

"கிளம்புட்டி!"

அமலோற்பவம் கிளம்பவில்லை. மீனை இழுத்து அரிவாள்மனைமேல் போட்டாள்.

"நான் சொன்னது மீனோட எடை முதலாளி. அது முழுங்கினதை இன்னும் சொல்லலை."

"ஏய், வெட்டாதே!" என்று அவர் பாய்வதற்குள் வயிறு கிழிந்தது. வலையில் கட்டும் ஈயக்குண்டுகள் சிமெண்ட் தரையில் கணகணவென்று உருண்டன.

"வலையில மாட்டின மீனைப் பார்த்திருக்கேன். வலைக்குண்டைத் தின்ன மீனை இன்னைக்குத்தான் பார்க்கிறேன். நாளைக்கு எதைத் தூக்கணும் முதலாளி, என் அரிவாள்மனையையா, உங்க கடையையா?"