மன்னர் வளர்ந்துவிட்டாரா?

கடல் நீர் இன்னும் கரிக்கத் தொடங்காத காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது பூவனூர் என்றொரு நாடு இருந்தது. அதற்குச் செழுங்கோ என்றொரு அரசன். தகப்பன் திடீரென்று இறந்துபோனதால், பால்பல் விழுவதற்கு முன்பே அவனுக்கு முடி சூட்டிவிட்டார்கள். முடி பெரிது, தலை சிறிது. உள்ளே துணியைச் சுற்றி நிற்க வைத்தார்கள்.

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். எனக்குத் தலை நரைத்துவிட்டது. நானும் உள்ளே துணி சுற்றிக்கொண்டுதான் பெரிய மனிதனாக நடமாடுகிறேன்.

சிம்மாசனம் உயரமானது. அமைச்சர் பதுமர் குட்டி அரசனை இடுப்பைப் பிடித்துத் தூக்கி அதில் உட்கார வைப்பார். சபை கலைந்ததும் தூக்கி இறக்குவார். அரசன் வளர்ந்தான், வழக்கம் அப்படியே தொடர்ந்தது. மீசை முளைத்தபோது அவனைத் தூக்க இரண்டு பேர் வந்தார்கள். தொந்தி விழுந்தபோது நான்கு பேர். அவர்களுக்கு மானிய நிலம்கூட உண்டு.

அந்த நாட்டில் ஒரு சட்டம் இருந்தது. அரசர் சிறுவராக இருக்கும்வரை அவர் பேரில் அமைச்சர் ஆளலாம். அரசர் வளர்ந்துவிட்டார் என்று அறிவிக்க வேண்டியவரும் அதே அமைச்சர்தான். பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதை.

பால்பல் விழுந்த வயதில் ஒருநாள் செழுங்கோ பட்டத்து யானை மேல் ஏற வேண்டும் என்று அடம் பிடித்தான். பாகன் வேம்பன் குறுக்கே வந்து நின்றான்.

"இன்றைக்கு வேண்டாம், சாமி. மதநீர் வழிகிறது. என்னையே கிட்டத்தில் விட மாட்டேன் என்கிறது."

"நான் அரசன்!"

"அது எனக்குத் தெரியும், சாமி. யானைக்குத் தெரியாது."

குழந்தைக்கு அழுகை வந்தது. "நான் பெரியவனாகும்வரை இவனைச் சிறையில் போடுங்கள்!" என்று கத்தியது.

"ஆகா, என்ன தெளிவான ஆணை!" என்று சபை மெச்சியது. வேம்பனைக் கட்டி இழுத்துப் போனார்கள். அரசனுக்கு மாம்பழம் நறுக்கிக் கொடுத்தார்கள்.

வேம்பனின் மனைவி அணிச்சி காத்திருந்தாள். அரசனுக்கு மீசை அரும்பியதும் சபைக்கு வந்தாள். "ஐயா, மன்னர் வளர்ந்துவிட்டாரா?"

பதுமர் சிரித்தார். "மீசை பூனைக்கும்தான் இருக்கிறது, தாயே."

அரசனுக்குத் திருமணம் ஆனதும் மறுபடி வந்தாள். "ஐயா, மன்னர் வளர்ந்துவிட்டாரா?"

"கல்யாணம் ஆனவனெல்லாம் வளர்ந்தவனா? என் மருமகனை வந்து பார்!" சபை விழுந்து விழுந்து சிரித்தது.

அரசனும் சிரித்தான். அவனுக்கு எல்லாம் புரிந்தது. ஆனால் சிறுவனாக இருப்பதில் ஒரு சுகம் இருந்தது. மழை பொய்த்தால் பழி பதுமருக்கு, வரி கூடினால் பழி பதுமருக்கு. நாற்பதைத் தாண்டியும் அப்படியே இருக்க ஆசைப்படுகிறவர்களை எனக்குத் தெரியும். கண்ணாடி பார்க்கும்போது அவர்களில் ஒருவன் என்னைப் பார்த்துத் தலையாட்டுவான்.

அரசனுக்கு மகன் பிறந்ததும் அணிச்சி மூன்றாம் முறை வந்தாள். இந்தத் தடவை அவள் பதுமர் பக்கம் திரும்பவில்லை.

"மகாராசா, நீங்களே சொல்லுங்கள். நீங்கள் வளர்ந்துவிட்டீர்களா?"

செழுங்கோ வாயைத் திறந்தான். பழக்கத்தில் அவன் கண் பதுமரைத் தேடியது. அதை அவனே கவனித்துவிட்டான். அவனுக்குச் சிரிப்பு வந்தது.

"பார்த்தாயா, அம்மா? நான் வளர்ந்துவிட்டேனா என்று சொல்ல அவரிடம் உத்தரவு கேட்கிறேன்!"

தூக்குகிறவர்கள் ஓடி வருவதற்குள் அவன் தானே குதித்து இறங்கினான். இறங்கிப் பழக்கமில்லாததால் குப்புற விழுந்தான். எழுந்து மூக்கைத் துடைத்துக்கொண்டு முதல் ஆணையைச் சொன்னான்: "வேம்பனை மன்னித்தோம். விட்டுவிடுங்கள்."

போன காவலன் தனியே திரும்பி வந்தான். "வர மாட்டானாம், அரசே. மன்னிப்பு எதற்கு என்று கேட்கிறான்."

அணிச்சிதான் விளக்கினாள். "அரசரிடம் மன்னிப்புப் பெற்ற பாகன் குற்றவாளிப் பாகன். எந்தக் கொட்டிலிலும் அவன் கையில் அங்குசம் கொடுக்க மாட்டார்கள். யானையை விட்டால் அவருக்கு என்ன இருக்கிறது?"

அரசன் பல்லக்கும் பட்டும் அனுப்பினான். "முழுமனதோடு மன்னித்தோம்" என்று சொல்லி அனுப்பினான். பல்லக்கு காலியாகத் திரும்பி வந்தது.

மூன்றாவதாக அவனே போனான். பதுமர் மூச்சிரைக்கப் பின்னால் ஓடினார்.

சிறைக்குள் வேம்பன் நரைத்த தாடியோடு உட்கார்ந்திருந்தான். எழுந்திருக்கவில்லை.

"வேம்பா, நடந்தது நடந்துவிட்டது" என்றான் அரசன்.

"யார் நடத்தியது, சாமி?"

"அன்றைய நிலைமை அப்படி..."

"நிலைமையா என்னைக் கட்டி இழுத்து வந்தது?"

"நான் சிறுபிள்ளை, வேம்பா."

"அன்றைக்குச் சிறுபிள்ளை. அதற்கு நான் கோபப்படவில்லை. பிள்ளை என்றால் அடம் பிடிக்கும்." வேம்பன் நிமிர்ந்து பார்த்தான். "மீசை வந்த பிறகு?"

பதுமர் அரசனின் காதருகே குனிந்தார். "அரசே, வாயைத் திறந்துவிடாதீர்கள். ஒரு தடவை தப்பு என்று ஒப்புக்கொண்டால் நாளைக்கு ஊரே வாசலில் வந்து நிற்கும்."

செழுங்கோ மண்தரையில், வேம்பனுக்கு எதிரே, சப்பணமிட்டு உட்கார்ந்தான்.

"அன்று நான் சொன்னது தவறு. தெரிந்த பிறகும் வாய் மூடி இருந்தது அதைவிடப் பெரிய தவறு. நீ செய்தது சரி. நீ மறித்ததால்தான் நான் உயிரோடு இருக்கிறேன்."

"இதை வெளியே நின்றும் சொல்வீர்களா?"

"சொல்கிறேன்."

முற்றத்தில், காவலர்களும் பாகர்களும் கேட்க, அரசன் அதையே உரக்கச் சொன்னான். கொட்டில் தலைவன் தன் அங்குசத்தை எடுத்து வேம்பனிடம் நீட்டினான். வேம்பன் அதை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, அணிச்சியோடு நடையைக் கட்டினான். கும்பிடவில்லை, நன்றி சொல்லவுமில்லை. ஏதாவது சொல்வான் என்று அரசன் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். யாராக இருந்தாலும் நின்று பார்ப்போம்.

இந்தக் கதை முழுவதிலும் பதுமர் சொன்ன ஒன்று மட்டும் பலித்தது. மறுநாள் காலை ஊரே அரண்மனை வாசலில் நின்றது. நிலம் பறிபோனவர்கள், நாடு கடத்தப்பட்டவர்களின் உறவினர்கள், காரணம் தெரியாமல் சவுக்கடி வாங்கியவர்கள் என்று வரிசை ஆற்றங்கரைவரை நீண்டது. செழுங்கோ ஒவ்வொருவர் எதிரிலும் உட்கார்ந்து கேட்டான். தன் தவறு என்று கண்டதைத் தன் தவறு என்று சொன்னான். சிலரிடம் அவனால் சொல்ல முடியவில்லை. அவர்கள் செத்துப்போயிருந்தார்கள், பிள்ளைகள் வந்திருந்தார்கள். அந்தப் பிள்ளைகளிடம் சொல்லும்போதுதான் அவனுக்கு மிகவும் கடினமாக இருந்தது.

அரசர் வளர்ந்துவிட்டார் என்று யாரும் அறிவிக்கவில்லை. அதன் பிறகு ஒருவரும் அதைக் கேட்கவும் இல்லை.

ஆகவே, கேட்டவர்களே, சொன்ன நானும் சேர்ந்து கேட்டுக்கொள்கிறேன்: தன் தவற்றைத் தன் வாயால் சொல்லாதவன், முடி சூடினாலும் முடி நரைத்தாலும், வளர்ந்தவன் ஆகமாட்டான்.