வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல்

திருநெல்வேலிக்கு வெளியே இருந்த அந்த மனநலக் காப்பகத்துக்கு டாக்டர் தமயந்திதான் பொறுப்பு. அவரிடம் பயிற்சிக்குச் சேர்ந்த செல்வகனி அவரைவிட வயதில் மூத்தவள். இரண்டு பிள்ளைகளையும் கரைசேர்த்துவிட்டுச் சமூகப்பணி படிக்க வந்தவள். மனநலச் சொற்கள் என்றால் அவளுக்கு உயிர். இல்லாத குரல் காதில் கேட்டால் ஹாலுசினேஷன், ஆதாரம் காட்டினாலும் அசையாத பொய் நம்பிக்கை டெல்யூஷன் என்று சாப்பிடும்போதுகூடச் சொல்லிக்கொண்டிருப்பாள். சமையல்காரருக்கே பாதிப் பாடம் மனப்பாடமாகிவிட்டது.

அன்று வெள்ளிக்கிழமை. காலையிலேயே டாக்டரிடம் வந்து நின்றாள். காப்பகத்தில் இருக்கும் இசக்கியம்மாளுக்கு மருந்தைக் கூட்ட வேண்டும் என்றாள். குரல்கள் கேட்பது குறைந்துவிட்டது. ஆனால் தனக்கு ஒரு பெண் குழந்தை இருக்கிறது என்ற பேச்சை மட்டும் அவள் விடுவதாக இல்லை. போதாததற்கு அவள் கணவனும் வாசலில் காத்திருந்தான். இவள் பிள்ளையே பெறாதவள் என்று சேர்க்கும்போதே சொன்னவன். இனித் தேறமாட்டாள் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் விவாகரத்துக் கேட்கப் போகிறானாம்.

"டெல்யூஷன் ரொம்பக் கெட்டியா இருக்கு டாக்டர்," என்றாள் செல்வகனி.

"பொய்யின்னு யாரு பாத்தா?"

"அவ வீட்டுக்காரரே சொல்லுதாரே."

டாக்டர் சுவரில் இருந்த பணி அட்டவணையைப் பார்த்தார்.

"இன்னைக்கு எண்ணெய்க் குளியல் உங்க முறைதானே அக்கா? அந்த டெல்யூஷன்ங்கிற சொல்லைச் செருப்பு மாதிரி வெளியில விட்டுட்டுப் போய்க் குளிப்பாட்டுங்க. மருந்தை அப்புறம் பாப்போம்."

செல்வகனிக்கு எரிச்சல்தான். கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று. இருந்தாலும் போனாள்.

இசக்கியம்மாள் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். தலைக்கு எண்ணெய் வைத்து, முதுகு தேய்த்து, வயிற்றுக்கு வந்தபோது அவள் செல்வகனியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மெல்லத் தேயுங்கக்கா. பாப்பாவ எடுத்த இடம்."

வாராவாரம் இதைத்தான் சொல்வாள். வாராவாரம் செல்வகனியும் சரிம்மா சரிம்மா என்று தலையாட்டிவிட்டு, நோய் இன்னும் விடவில்லை என்று மனதுக்குள் குறித்துக்கொள்வாள். இன்று குனிந்து பார்த்தாள். அடிவயிற்றில் குறுக்காக ஒரு தழும்பு. அதைச் சுற்றி வெளுத்துப்போன பிரசவ வரிகள். செல்வகனிக்கும் அதே இடத்தில் அதே தழும்பு உண்டு. அவளுடைய பிள்ளைகள் இரண்டையும் வயிற்றைக் கீறித்தான் எடுத்தார்கள்.

எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். பிசுபிசுத்த கையோடு ஓடிப்போய் டாக்டரைக் கூட்டிவந்தாள். டாக்டர் பார்த்தார். நேரே வாசலுக்குப் போய்க் கணவனிடம் கேட்டார். முதலில் மழுப்பினான், பிறகு ஒத்துக்கொண்டான். குழந்தை தூத்துக்குடியில் அவனுடைய அக்கா வீட்டில் வளர்கிறது. அக்காவுக்குப் பிள்ளை இல்லை.

"இவகிட்ட எப்படி விட முடியும்? மறந்துட்டா நல்லதுன்னுதான் இல்லன்னே சொல்லிட்டோம்," என்றான், தண்ணீர் வரி கட்டிவிட்டு வந்ததைச் சொல்பவன் போலச் சாதாரணமாக.

பின்னாலேயே வந்திருந்த செல்வகனி எண்ணெய் காயாத தன் கையைப் பார்த்தாள். எத்தனை வெள்ளிக்கிழமை இந்தக் கை அந்தத் தழும்பின் மேல் போய்வந்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்தாள்.

"அப்ப அவளுக்கு நோயே இல்லையா டாக்டர்?"

"நோய் இருக்கு அக்கா. பிள்ளையும் இருக்கு."

"நான் இப்ப என்ன செய்யணும்?"

"அவ எண்ணெயோட உக்காந்திருக்கா. போய்த் தலைக்கு ஊத்திவிடுங்க. அப்படியே பாப்பா பேரு என்னன்னு கேளுங்க. இதுவரைக்கும் நாம யாருமே கேக்கலை, நானும் கேக்கலை."