இரண்டு வெட்டுக்கு நடுவில்

“டீச்சர், படத்துல கை வச்சது யாரு?”

வியாகுலம் வாசலில் நின்றபடியே கேட்டார். உள்ளே வரவில்லை.

கிளாடிஸ் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கினாள். வயதில் அவரைவிட ரொம்பச் சின்னவள். ஆனாலும் இந்தப் படகுப் பட்டறையில் அவளிடம்தான் அவர் வேலை படித்துக்கொண்டிருந்தார்.

முழுப் படகையும் அவள் கம்ப்யூட்டரில் உருவமாக வரைந்து வைத்திருப்பாள். ரொட்டியை வெட்டுவதுபோல அதைக் குறுக்கே வெட்டினால், வெட்டிய இடத்தின் சுற்றுக்கோடு கிடைக்கும். அந்தக் கோட்டின்படி பலகையை அறுத்து நிறுத்தினால் படகுக்கு விலா. வியாகுலம் தானே கோடு எடுத்த முதல் படகு இது.

“என்ன ஆச்சுண்ணே?”

“விலா எல்லாம் நிறுத்தியாச்சு. புரொப்பல்லர் தண்டு நுழைய இடமில்ல. உங்க படத்துல பாத்தா அந்த இடத்துல பொம்முனு ஒரு வீக்கம் இருக்கு. நான் எடுத்த கோடு ஒண்ணுலயும் அது இல்ல.”

“அதனால?”

“நான் வெட்டுன பிறகு யாரோ வீக்கத்தைச் சேத்திருக்காங்க.”

யாரோ என்றாரே தவிர, கண் அவள் மேலேயே இருந்தது.

சாயங்காலம் முதலாளி வருவார். இத்தனை பலகை பாழானதற்கு ஒருத்தர் வெளியே போகத்தான் வேண்டும். அது தானாக இருக்கக் கூடாது. இந்த வயதில் வேறு யார் வேலை கொடுப்பார்கள் என்ற பயம் அவருக்கு.

கிளாடிஸ் கோபப்படவில்லை. அதுவே அவருடைய சந்தேகத்தைக் கூட்டியது. மனிதர் கடையில் கொடுக்கிற டீயைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார்.

“வந்து மறுபடியும் வெட்டிப் பாருங்க.”

“இதுலயா? இதுலதான் மாத்தியாச்சே.”

“சரி. உங்க கழுத்துல கிடக்குல்லா, அதுல வெட்டுங்க.”

வியாகுலத்தின் கை சட்டைக்குள் போனது. கழுத்தில் போட்டிருந்த மாதா உத்தரியக் கயிற்றோடு சேர்த்துக் கட்டிய பென் டிரைவ். படம் முடிந்த அன்றைக்கு, அவள் சாப்பிடப் போயிருந்தபோது திருட்டுத்தனமாக எடுத்த நகல். என்றைக்காவது இவள் காலை வாரிவிட்டால் காட்டுவதற்கு.

கழற்றிச் செருகினார்.

எப்போதும்போல வெட்டினார். மரப்படகு செய்து பழகிய கை. விலாவுக்கு விலா ஒரே இடைவெளி. கோடுகள் வந்தன. எதிலும் வீக்கம் இல்லை.

“பாத்தீங்களா?”

கிளாடிஸ் திரையில் விரலை வைத்தாள். இரண்டு வெட்டுக்கு நடுவில்.

“இங்க.”

வெட்டினார்.

கோடு அடிப்பக்கம் பொம்மென்று வீங்கிக்கொண்டு வந்தது.

அவருடைய சொந்த நகல். வேறு யாரும் தொடாதது.

வியாகுலம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வெட்கமாக இருந்தது. வீக்கத்தைத் தவறவிட்டதைவிட, கழுத்தில் கிடந்ததற்குத்தான் அதிகம்.

“இதை நான் எடுத்தது உங்களுக்கு எப்போ தெரியும்?”

“அன்னைக்கே தெரியும்.”

வெளியே முதலாளியின் வண்டி வந்து நின்றது. கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

“அவருகிட்ட என்னைப் பத்தி என்ன சொல்லப்போறீங்க, டீச்சர்? கள்ளன்னா?”

கிளாடிஸ் பென் டிரைவைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள்.

“ஒரு இடத்துல மட்டும் வெட்டிப் பாத்துட்டு எப்படிண்ணே சொல்ல முடியும்?”